மிதிவண்டிச் சங்கிலி: துடைத்தலும் எண்ணெயிடுதலும்

1941 ஆம் ஆண்டு டிசம்பர் 8 ஆம் நாள் கிளந்தானிலும் தாய்லாந்துக் கரையிலும் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி 31 ஆம் நாள் ஜொகூர் பாருவை அடைந்தது. ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர், ஐம்பத்தைந்தே நாள். அப்படையின் காலாட்கள் பலர் மூவாரையும் பத்து பகாட்டையும் கடந்து வந்தது மிதிவண்டியின் மேல்தான் என்பதை நம் மாநிலத்து முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அப்படையெடுப்பின் திட்டத்தை வகுத்தவர்களுள் ஒருவர் மசானொபு சூஜி. ஒவ்வொரு படைப்பிரிவிலும் வண்டி பழுதுபார்ப்போர் இருவரேனும் இருந்தனர் என்றும், அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் இருபது வண்டிகளைச் செப்பனிட்டனர் என்றும் அவர் பின்னாளில் எழுதினார். போருக்கு முன்பே ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் மிகுதியாக விற்பனையாகியிருந்தமையால், உதிரி உறுப்புகளும் ஊர்தோறும் கிடைத்தன. வெயிலில் டயர் வெடித்தபோது அவர்கள் வெறும் இரும்பு வளையத்தின் மீதே ஓட்டிச் சென்றனர். டயர் இன்றியும் வண்டி ஓடும். சங்கிலி இன்றி ஓடாது. அத்தகைய உறுப்பைத்தான் நாம் பெரும்பாலும் கவனியாமல் விடுகிறோம்.

சங்கிலியின் அமைப்பு

இன்று நாம் காணும் உருளைச் சங்கிலியை 1880 ஆம் ஆண்டில் உருவாக்கியவர், மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு. அதன் வெளித்தகடுகள் இரண்டை ஓர் ஆணி இணைக்கும். உள்தகடுகள் இரண்டை ஒரு சிறு குழல் இணைக்கும். அந்த ஆணி இக்குழலுக்குள் புகுந்து நிற்கும். குழலின்மேல் சுழல்வதே உருளை. பற்சக்கரத்தின் பல்லில் வந்து அமர்வது அதுதான். ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர்.

"சங்கிலி நீண்டுவிட்டது" என்று கடைக்காரர் கூறுவதுண்டு. உண்மையில் எஃகுத் தகடு இழுபட்டு நீள்வதில்லை. குழலுக்குள் இருக்கும் ஆணி தேய்கிறது. குழலின் உட்புறமும் தேய்கிறது. சாதாரண வண்டி ஒன்றில் இத்தகைய ஆணிகள் 112 அளவில் இருக்கும். ஓர் ஆணியிடத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டர், அதாவது ஒரு மயிரிழையின் பருமன், தேய்ந்தாலும் சங்கிலி முழுவதும் 11 மில்லிமீட்டருக்கு மேல் தளர்ந்துவிடும். அது ஒரு கண்ணியின் நீளத்தை நெருங்குகிறது அல்லவா?

தேய்ப்பது எது?

தேய்ப்பது மண். தோட்டச் சாலைகளின் செம்மண்ணில் நுண்மணல் கலந்துள்ளது; அது எஃகையும் அரைக்க வல்லது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின் மழை, அம்மண்ணைச் சேறாக்கிச் சங்கிலியில் அப்புகிறது. அதன்மேல் நாம் எண்ணெயை ஊற்றினால் விளைவது என்ன? மணலும் எண்ணெயும் குழைந்து அரைப்பசை ஆகிறது. நன்மை செய்வதாக எண்ணித் தீமையையே செய்கிறோம்.

1999 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் என்பாரும் அவர் குழுவினரும் இதனை ஆராய்ந்தனர். தூய்மையான ஆய்வுக்கூடத்தில், மிதித்த ஆற்றலில் 98.6 விழுக்காடு வரை சங்கிலி வழியே சக்கரத்தைச் சேர்ந்தது. வியப்பு என்னவெனில், அங்கு எண்ணெய் இட்டதாலும் இடாததாலும் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை. ஆணிக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பி, மண் புகாமல் தடுப்பதே எண்ணெயின் முதன்மையான பணியாகலாம் என்று ஸ்பைசர் கருதினார். நம் நாட்டிலோ அது துருவையும் தடுக்கிறது. ஆகவே முதலில் துடைத்தல், பிறகே எண்ணெய் என்பது விதி.

செய்யும் முறை

வண்டியைத் தலைகீழாகவோ தாங்கியின் மீதோ நிறுத்துக. பழந்துணியைச் சங்கிலியைச் சுற்றிப் பிடித்து, மிதியைப் பின்னோக்கி மெல்லச் சுழற்றுக. சங்கிலி பற்சக்கரத்தில் ஏறும் இடத்துக்கு விரல்கள் செல்லலாகாது. சிறுவர் பலர் விரல் நசுங்குவது அங்கேதான். அடுத்து, பழைய பல்துலக்கியைச் சிறிது மண்ணெண்ணெயில் தோய்த்து இருபுறமும் தேய்க்க வேண்டும். பற்களின் இடுக்கில் படிந்த கரியையும் குச்சியால் சுரண்டுக. அருகில் நெருப்பு இருத்தல் கூடாது; பெட்ரோலை எடுக்கவே கூடாது. அழுக்கேறிய மண்ணெண்ணெயைக் கால்வாயில் கொட்டாமல் ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைப்பது நலம்.

சங்கிலி நன்கு உலர்ந்தபின், ஒவ்வோர் உருளைக்கும் ஒரே துளி எண்ணெய் விடுக. துளி விழ வேண்டிய இடம், உள்தகடும் வெளித்தகடும் சந்திக்கும் விளிம்பு. அவ்வழியேதான் அது ஆணியை அடையும். சங்கிலிக்கென விற்கும் எண்ணெய் சிறந்தது. இல்லையேல் புதிய மோட்டார் எண்ணெய் போதும். பழைய எண்ணெயில் உலோகத்துகள் இருக்கும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். சில நிமிடம் சுழற்றியபின், வெளியே நிற்கும் எண்ணெய் முழுவதையும் துடைத்துவிடுக. வெளியே மினுமினுக்கும் எண்ணெய் மண்ணுக்கு விருந்து.

அளந்து அறிதல்

தேய்வை அறிய அளவுநாடா ஒன்றே போதும். சங்கிலியை இறுக்கிப் பிடித்து, ஓர் ஆணியின் நடுவில் நாடாவின் தொடக்கத்தை வைத்து, அதிலிருந்து இருபத்துநான்காம் ஆணி வரை அளக்கவும். புதிய சங்கிலியில் அது சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் மாற்றும் காலம் நெருங்கியது. மூன்று மில்லிமீட்டர் கூடியிருந்தால் பற்சக்கரத்தின் பற்களும் தேயத் தொடங்கியிருக்கும், செலவு இரட்டிப்பாகும்.

செலவு மட்டுமன்று. தேய்ந்த சங்கிலி மேட்டில் ஊன்றி மிதிக்கும்போது வழுக்கும். சில வேளை கழன்றும் விழும். பின்னோக்கி மிதித்து நிறுத்தும் வகை வண்டிகளில், சங்கிலி கழன்றால் பின்சக்கரத் தடையும் இல்லாமற் போகும். இறக்கத்தில் வரும் பிள்ளைக்கு அதனினும் பெரிய ஆபத்து வேண்டுவதில்லை.

ஆசிரியர்கள் ஒருநாள் பள்ளி வளாகத்தில் மாணவரின் மிதிவண்டிகளை இவ்வாறு அளக்கச் செய்யலாம். விழுக்காட்டுக் கணக்கும், உராய்வு பற்றிய பாடமும் அங்கேயே கிட்டும். பாடம் முடியும்போது சில சங்கிலிகளேனும் துலங்கியிருக்கும். மாற்ற வேண்டியவை எவை என்பதும் பெற்றோருக்குத் தெரிந்திருக்கும்.