சர்க்கரை போடாத தித்திப்பு

ஈரானியர்களின் புத்தாண்டான நவ்ரூஸ் நள்ளிரவில் பிறப்பதில்லை. வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகும் கணத்தில், பெரும்பாலும் மார்ச் 20 அல்லது 21இல், பிறக்கும். சில வருடம் விடியற்காலை, சில வருடம் மத்தியானச் சாப்பாட்டு வேளை. அந்தக் கணத்துக்காகக் குடும்பமே ‘ஹஃப்த் சீன்’ விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். ஆப்பிள், பூண்டு, வினிகர், முளைப்பயிர் என விரிப்பில் ஏழு பொருள்கள். மற்றவற்றை வாங்கலாம், வளர்க்கலாம். மெனக்கெட்டுச் சமைக்க வேண்டியது ஒன்றுதான்: சமனூ.

அல்வாவைவிடச் சற்று இளகலான, பழுப்பு நிறக் கோதுமைக் களி இது. நல்ல தித்திப்பு. ஆனால் சர்க்கரையோ வெல்லமோ ஒரு சிட்டிகைகூடப் போடுவதில்லை.

கோதுமையை ஊறவைத்துத் தட்டில் பரப்பி, ஈரத்துணியால் மூடுகிறார்கள். சில நாளில் வெள்ளை வேர்கள் பாய்போலப் பின்னிக்கொள்ளும். பச்சை தலைகாட்டுமுன் எடுத்துவிட வேண்டும். விட்டால் சமனூ கசக்கும். முளையை அரைத்துப் பிழிந்த பாலில் கோதுமை மாவைக் கரைத்து அடுப்பேற்றுகிறார்கள்.

தித்திப்பின் சூட்சுமம் முளையில் இருக்கிறது. விதை சேமித்து வைத்திருப்பது மாவுச்சத்து. அதை அப்படியே உறிஞ்சக் கருவால் முடியாது. ஆகவே கரு ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. மாவுப் பகுதியைச் சுற்றியுள்ள அலூரோன் அடுக்கு அமைலேஸ் நொதியைச் சுரக்கிறது. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலி துண்டாகி மால்டோஸ் என்ற சர்க்கரை பிறக்கிறது. செடிக்காகச் சுரந்த நொதி, பிறகு சேர்த்த மாவையும் விட்டுவைப்பதில்லை. நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி அரைக்கிறோமே, அந்த மாவின் இனிப்பும் இப்படி வருவதுதான்.

ஆனால் அவசரப்படக் கூடாது. நொதி 60–70 டிகிரி செல்சியஸ் வாக்கில் மும்முரமாக வேலை செய்யும், கொதிநிலையில் செயலிழந்துவிடும். எடுத்த எடுப்பிலேயே தீயைக் கூட்டினால் கிடைப்பது கோதுமைக் கஞ்சி. இனிப்பு ஊறிய பிறகுதான் மணிக்கணக்காகக் கிளற வேண்டும். நீர் வற்றி, சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து, அந்தப் பழுப்பும் மணமும் ஏறும்.

ஒரு கையால் ஆகிற காரியமில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி இரவெல்லாம் முறைவைத்துக் கிளறுவார்கள். துடுப்பைப் பிடிக்கும்போது ஆளுக்கொரு வேண்டுதல். உஸ்பெகிஸ்தானில் இதற்குச் சுமலக் என்று பெயர். அங்கே அண்டாவில் கழுவிய கூழாங்கற்களையும் போடுவார்கள். அவை அடியில் உருண்டுகொண்டே இருப்பதால் களி அடிப்பிடிக்காது. கிண்ணத்தில் கல் வந்தவருக்கு நினைத்தது நடக்குமாம், பல்லில் அகப்படாதவரை.