தகர டின் தட்டும் தொண்டை

குன்னம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். மகனுக்கு 24 வயது. மூன்று மாதமாகத் தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல உறுத்தல். செருமிச் செருமிக் கடைசியில் வறட்டு இருமலில் போய் முடிகிறது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. "சிமெண்ட் தூசிதானே சார் காரணம்?"

இருக்கலாம். அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் பைக்கில் போனவருக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் அதே தூசியைக் குடிக்கும் மற்றவர்கள் இவரைப்போலச் செருமுவதில்லையே, அது ஏன்? ஒரே பெரிய காரணத்தைப் பிடித்துக்கொள்வதில் நமக்கு அலாதி ஆசை. 2020-ல் இதே குன்னத்தில் மண் எடுத்தபோது உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் கூத்தாடியது. விஷயம் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு, பழைய கடற்படிவில் அம்மோனைட் என்ற அழிந்துபோன கடலுயிரைச் சுற்றித் திரண்ட கல்லுருண்டைகள் என்று சொன்ன பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் குறைவு.

முதலில், தள்ளிப்போடக் கூடாதவை. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்டால் வழி சொல்வார்கள், காசு கிடையாது. இருமலில் ரத்தம், உடல் இளைப்பு, சாயங்காலக் காய்ச்சல், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல் என்று எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டர். பையன் கிரஷரிலோ கல்குவாரியிலோ வேலை பார்க்கிறான் என்றால், டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். சிலிக்கா தூசி நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். இவையெல்லாம் இல்லை என்றானபின் மூக்கின் பின்வழியாகத் தொண்டையில் இறங்கும் சளி, வீசிங் இல்லாமல் இருமலாக மட்டும் வரும் ஆஸ்துமா, சிகரெட், இரைப்பையிலிருந்து மேலேறும் அமிலம் என்று வழக்கமான வரிசை. வைரஸ் காய்ச்சல் விட்ட பிறகும் எட்டு வாரம்வரை இருமல் இழுப்பது உண்டு.

இந்த வரிசையில் அமிலத்தின்மேல் பழி போடுவதுதான் இப்போது மோஸ்தர். தொண்டையில் உறுத்தலா, காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை. பிரிட்டனில் தீராத தொண்டைத் தொல்லை உள்ள 346 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு லான்சோபிரசோல், மறு பாதிக்கு மருந்தே இல்லாத மாத்திரை என்று 16 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது: இரு தரப்புக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணம். நெஞ்செரிச்சல் உள்ளவர் கதை வேறு. மற்றவர்கள் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். காய்ந்த மிளகாயைத் தாளித்தால் வீடே கமறுகிறதல்லவா? அந்த நெடியில் இருக்கும் கேப்சைசின், குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும் பரவியிருக்கும் வேகஸ் நரம்பின் நுனிகளில் டிஆர்பிவி1 என்ற புரதத்தை உசுப்புகிறது. அதே புரதம் சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கும் அமிலத்துக்கும் விழித்துக்கொள்ளும். ஆய்வகத்தில் கேப்சைசின் கரைசலை நுண்திவலையாக இழுக்கவைத்து, அளவைப் படிப்படியாகக் கூட்டி, எந்த அளவில் ஐந்து முறை இருமுகிறார் என்று கணக்கெடுப்பார்கள். தீராத இருமல் உள்ளவர்களில் பலர் மற்றவர்கள் சும்மா இருக்கும் அளவிலேயே இருமிவிடுகிறார்கள். நரம்பு கூர்மையாகிவிட்டது. தூசி பழைய தூசிதான்.

பெரம்பலூர் மக்காச்சோளக் காட்டில் பரண்மேல் உட்கார்ந்திருக்கும் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் ராத்திரி காட்டுப்பன்றி வந்தது. டின்னைத் தட்டி விரட்டினான். நல்ல காரியம். மறுநாளிலிருந்து அணில் ஓடினாலும் தட்டுகிறான், தோகை சலசலத்தாலும் தட்டுகிறான். சத்தத்துக்குப் பயந்து பயிருக்குள் காடை ஓட, அந்தச் சலசலப்புக்கு இன்னொரு தட்டு. செருமல் இப்படித்தான்: குரல்நாண்கள் உரசி வீங்குகின்றன, வீக்கம் உறுத்துகிறது, உறுத்தல் மறுபடி செருமவைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பையன் பக்கத்துக் காட்டையும் சேர்த்துக் காவல் காக்கிறான். வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுத் துவாரத்துக்கும் போகிறது. காதைக் குடையும்போது சிலருக்கு இருமல் வருவது இதனால்தான். ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு இப்படி வருகிறது. தீராத இருமல்காரர்களைச் சோதித்த ஓர் ஆய்வில் கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு வந்தது. உவமையை இதற்குமேல் இழுத்தால் பையனுக்குச் சம்பளமும் பேச வேண்டிவரும்.

வரலாறு கேட்பவர்களுக்காக: காதுக்கும் இருமலுக்கும் உள்ள தொடர்பை எழுதிவைத்தவர் ஃபிரீட்ரிக் ஆர்னால்ட் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளர், 1832-ல். மிளகாய்ப் புரதத்தை 1997-ல் அடையாளம் கண்டது டேவிட் ஜூலியஸின் குழு. அவருக்கு 2021-ல் நோபல். போதும்.

நரம்பையே அடக்கிவிட்டால் என்ன? ஜெஃபாபிக்ஸன்ட் என்ற மாத்திரை அதற்காகவே வந்தது. ஜப்பான் 2022-ல் அனுமதித்தது. அமெரிக்காவோ இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இருமல் கணிசமாகக் குறைந்ததால், மருந்தால் கூடுதலாகக் கிடைத்தது கொஞ்சம்தான். தவிர, அது மறிக்கும் புரதம் (மிளகாய்ப் புரதம் அல்ல, வேறொன்று) நாக்கின் சுவை நரம்புகளிலும் இருப்பதால், சாப்பிட்டவர்களில் பலருக்குச் சுவை கெட்டது. பையன் காதில் பஞ்சை வைத்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதும் கேட்காது. (மறுபடி இழுத்துவிட்டேன்.) மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சிரப்புகளுக்கு இந்த வகை இருமலில் உருப்படியான சான்று கிடையாது.

ஓரளவு வேலை செய்வது விளம்பரமே இல்லாத ஒன்று: பேச்சுப் பயிற்சி நிபுணர் சொல்லித்தரும் பழக்கம். ஆஸ்திரேலியாவில் ஒப்பிட்டுச் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். செருமத் தோன்றும்போது செருமாமல் ஒரு மடக்குத் தண்ணீரை விழுங்க வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் எச்சிலை. விழுங்கும் நொடியில் குரல்வளை மூடிக்கொள்கிறது, அப்போது இரும முடியாது. உந்துதல் ஏறி இறங்கும்வரை மூக்கால் மெல்ல மூச்சு விடலாம். வாரக்கணக்கில் செய்தால் பலருக்கு நரம்பின் கூர்மையும் மழுங்குகிறது. வெந்நீரா, சீரகத் தண்ணீரா, அதிமதுரக் கஷாயமா என்று அடுத்த கடிதம் வரும். எதுவானாலும் சரி, வேலை செய்வது விழுங்குவதுதான்.