மறைவினும் நீங்காத் துணை

ஒரு கல்லூரியின் விழா மலர், கடந்து வந்த ஆண்டுகளைக் கணக்கிடுவதோடு அமைதல் சாலாது. முன்னோரிடம் பெற்றதனைக் காத்தோமா என்று நம்மை நாமே வினவுதற்கும் அதுவே தக்க காலம். சைவப் பிள்ளைகள் சைவச் சூழலிற் கல்வி பயிலுதல் வேண்டும் என்னும் வேட்கையால் எழுந்தவை நம் இந்துக் கல்லூரிகள். இன்று நம் ஊர்களிற் கோபுரங்கள் உயர்கின்றன, திருவிழாக்கள் பெருகுகின்றன. ஆயினும், நாள்தோறும் வீட்டில் அமர்ந்து வழிபடும் வழக்கம் அருகி வருகின்றதெனப் பெரியோர் வருந்துகின்றனர். “சமயம் தளர்ந்த காலத்தில் இறைவன் நம்மை விட்டு நீங்கிவிடுகின்றானா?” என மாணவர் சிலர் எம்மை வினவுவதுண்டு. இவ்வினாவுக்குச் சித்தாந்தமும் நம் நாட்டு வரலாறும் தரும் விடையை ஈண்டுச் சுருக்கி விளக்குவாம்.

இறைவனின் தொழில்கள் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என ஐந்து. இவற்றுள் மறைத்தலைப் பற்றியே ஐயம் எழுவது இயல்பு. மறைத்தல் என்பது நீங்குதல் அன்று. ஆணவமலத்தாற் பிணிப்புண்ட உயிர், உலக அனுபவங்களின் இனிப்பையும் கைப்பையும் நுகர்ந்து பக்குவம் எய்தும்வரை, இறைவன் தன்னைக் காட்டாது உடன்நின்று செலுத்துகின்றான். அங்ஙனம் மறைத்து நிற்கும் ஆற்றலைத் திரோதான சத்தி என்பர். மலம் பரிபாகம் எய்தியவிடத்து அதுவே அருட்சத்தியாய்ப் பதியும். ஆகவே மறைத்தலும் அருளின் செயலே. இறைவன் உயிர்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்பவன் என்பது சித்தாந்தத் துணிபு. உயிர் அவனை மறத்தல் கூடும். அவன் உயிரை விட்டு அகலுதல் ஒருகாலும் இல்லை.

இதனை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்துக் கிணற்றை நோக்குக. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடே இறங்கி நிலத்தடியிலே தேங்குகின்றது. கோடையிற் செம்மண் காய்ந்து புழுதி பறக்கும்போதும், அடியில் நீர் உண்டென்னும் துணிவினாலன்றோ கமக்காரன் பயிரிடுகின்றான்! எனினும், அந்நீரைப் பேணாது அளவின்றி இறைப்பின் கிணற்றில் உவர் ஏறும். நம்பிக்கையும் அத்தகையதே, உள்ளது என்னும் துணிவும், அதனைப் பேணும் முயற்சியும் ஒருங்கு வேண்டப்படும்.

இனி வரலாற்றை நோக்குவாம். மன்னார்ப் பகுதியில் மாதோட்டத்திலே பாலாவிக் கரையில் அமைந்தது திருக்கேதீச்சரம். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிப் போற்றிய தலம் அது. 16 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரால் அது இடித்தழிக்கப்பட்டது. 1619 இல் யாழ்ப்பாண அரசும் அவர் வசமாயிற்று. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் தகர்க்கப்பட்டது. 1658 இல் ஒல்லாந்தர் வந்த பின்னரும் சைவர் வெளிப்படையாக வழிபட இயலாதிருந்தனர். விரத நாளில் உண்ட வாழையிலையைக் கூரையிற் செருகி மறைத்தனர் என்பது வழிவழி வந்த கேள்வி. தீபாராதனை இல்லை, மணியோசை இல்லை. ஆயினும், அடுக்களை மூலையில் தாய்மார் மெல்லச் சொல்லிக் கொடுத்த திருநாமம் அழியவில்லை. கோயில் இடிந்தபோது வீடே கோயிலாயிற்று.

கேதீச்சரம் காடு மூடிக் கிடந்தது. அதனை மீண்டும் எழுப்புதல் வேண்டும் என ஆறுமுக நாவலர் 1872 இல் சைவ மக்களை வேண்டினார். அவர் 1879 இற் சிவபதம் எய்தினார். தாம் விரும்பிய கோயிலைக் கண்ணாற் கண்டாரல்லர். 1894 இல் அவ்விடத்துச் சிவலிங்கம் வெளிப்பட்டது. 1948 இல் திருப்பணிச் சபை அமைந்தது. 1976 இற் கும்பாபிடேகம் நிகழ்ந்தது. நாவலரின் வேண்டுகோளுக்கும் இதற்கும் இடையே 104 ஆண்டுகள்! பின்னர் 1990 அளவில் போரினால் அங்கும் மக்கள் இடம்பெயர்ந்தனர், வழிபாடும் தடைப்பட்டது. மீளவும் திருப்பணி செய்து 2022 இற் கும்பாபிடேகம் நிறைவேற்றினர். நம்பிக்கை என்பது பலனை உடனே காண்டல் அன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அக்காலத் தளர்ச்சிக்கும் இக்காலத் தளர்ச்சிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அன்று தடுத்தோர் பிறர். இன்று நம்மைத் தடுப்போர் யாருமிலர். ஆதலின் இன்றைய தளர்ச்சி நுண்ணியது; பழி சுமத்துதற்கு வேறொருவர் இல்லாமையால் அதனை உணர்தலும் அரிது. ஆயினும், இதற்குரிய மருந்து எளியது. மாலையில் வீட்டில் ஒரு விளக்கு ஏற்றுதலும், திருநீறு தரித்தலும், ஒரு திருமுறைப் பாடலைப் பொருளுணர்ந்து ஓதுதலும், ஐந்தெழுத்தைச் சிறிது நேரம் சிந்தித்தலும் எவருக்கும் இயல்வனவே. கடல் கடந்து வாழும் பழைய மாணவருக்கும் இவற்றிற்குத் தடையில்லை; அருகிற் கோயில் இல்லாமை ஒரு குறையும் அன்று. நம் பாட்டியர்க்கு அடுக்களை மூலையே போதியதாயிற்று.

மாணவர்களே, இறைவன் எங்கே எனத் தேடி அலைய வேண்டா. நும் ஐயத்தினும் சோர்வினும் உடன் நிற்பவன் அவன். பழைய மாணவர்களே, நீவிர் பெற்ற விளக்கை அணையவிடாது நும் பிள்ளைகளிடம் ஒப்படைத்தல் நும் கடன். அதன் ஒளியில் எழும் கோயிலை நாம் காணாது போகலாம். எனினும் அது நிச்சயம் எழும்.