பீரோவைச் சுவரோடு முடுக்குவோம்

கடையில் மூட்டை சாயாமல் அடுக்கத் தெரிந்த நாம், வீட்டில் நிற்கும் உயரமான பீரோவை மறந்துவிடுகிறோம். இழுப்பறைகளைத் திறந்து அவற்றின்மேல் குழந்தை ஏறினால், பாரம் முன்னுக்கு வந்து பீரோ கவிழும். இப்படிக் குழந்தைகள் இறந்ததால், 2016-இல் அமெரிக்காவில் 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக ஐகியா நிறுவனம் அறிவித்தது.

பீரோவின் மேல்பகுதியில் இரண்டு இடங்களில் 'எல்' கிளாம்ப் வைத்துச் சுவரோடு முடுக்க வேண்டும். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் ஈரம் குடித்த சுவர்ப்பூச்சில் பிடிப்பு இருக்காது. ஆகவே பூச்சைத் தாண்டி, இணைப்புச் சாந்தில் படாமல், செங்கல்லிலேயே 2 அங்குலம் துளையிட்டுப் பிளக் செருகித் துருப்பிடிக்காத திருகாணி போட வேண்டும்.

செலவு அதிகமில்லை. அடுத்த கடை விடுமுறையன்றே, பேரப்பிள்ளைகளை எண்ணி, இதை முடித்துவிடுவோம்.