சம்மட்டிக்கு ஓய்வு கொடுக்கும் ஹைட்ராலிக் பிரஸ்



விழுப்புரம், திண்டிவனம் பக்கம் சாலையோரத்தில் உலை போட்டு அருவாள், கத்தி அடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்காரர் குறடால் இரும்பைப் பிடிப்பார். எதிரே நின்று சம்மட்டி போடுவது பல இடங்களில் அவர் மனைவிதான். நாள் முழுக்க தூக்கி அடித்தால் தோள்பட்டையும் இடுப்பும் என்னத்துக்கு ஆகும்? இந்தப் பாரத்தைக் குறைக்கும் மெஷின்தான் ஹைட்ராலிக் பிரஸ்.

எப்படி வேலை செய்கிறது?

லாரி டயர் மாற்றும்போது சின்ன ஜாக்கி அவ்வளவு பெரிய வண்டியைத் தூக்குகிறதே, அதே தத்துவம்தான். மோட்டார் பம்ப்பைச் சுற்றும். பம்ப் எண்ணெயை சிலிண்டருக்குள் தள்ளும். சிலிண்டர் தண்டு இறங்கி இரும்பை அழுத்தும். 1795-லேயே இங்கிலாந்தில் ஜோசப் பிரமா இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

ஒரு கணக்கு பாருங்கள். 125 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு சுமார் 122 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 200 கிலோ அழுத்தம் கொடுத்தால் மொத்தம் 24 டன்னுக்கு மேல். கத்தி வேலைக்கு இது தாராளம்.

சம்மட்டி அடி மேல்பக்கத்தில்தான் அதிகம் வேலை செய்யும். பிரஸ் நிதானமாக அழுத்துவதால் இரும்பு உள்வரை நகரும். சத்தமும் அதிர்ச்சியும் குறைவு, அக்கம்பக்கத்து சண்டை வராது.

வேலை முறை

பழைய லாரி ஸ்பிரிங் பட்டைதான் நல்ல கச்சாப்பொருள். விரிசல் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஆரஞ்சு நிறம் வரும்வரை, அதாவது சுமார் 1,100 டிகிரிக்குக் காய்ச்சி அழுத்த வேண்டும். மங்கின சிவப்புக்கு வந்துட்டா நிறுத்தி, திரும்ப உலையில் வையுங்க. ஆறின இரும்பை அழுத்தினால் வெடிக்கும். டை ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டிருந்தால் அது சூட்டை உறிஞ்சிவிடும். அழுத்தியதும் எடுத்துவிட வேண்டும்.

பிரஸ் பட்டையை நீட்டித் தட்டையாக்கும், அவ்வளவுதான். வாய் சரிசெய்ய கைச்சுத்தியல் வேண்டும். பிறகு சுமார் 830 டிகிரியில் எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்து, உடனே 200 டிகிரி அளவில் மறுபடி சூடு காட்ட வேண்டும். இதை விட்டால் கத்தி கண்ணாடி மாதிரி உடையும். இந்தப் பதம் மெஷினுக்குத் தெரியாது. பட்டறை அனுபவம் உள்ளவரிடம்தான் கற்க வேண்டும்.

கவனம், சகோதரிகளே!

* பிரஸ்ஸுக்கு இரும்பும் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான். நீளமான குறடு இல்லாமல் கிட்டே போகாதீர்கள்.
* குறடு பிடிப்பவரே கால் பெடலையும் மிதிக்க வேண்டும். ஒருவர் பிடிக்க இன்னொருவர் மிதிப்பது ஆபத்து.
* நைலான் புடவை, துப்பட்டா கூடாது. பருத்தி உடை, மூடிய செருப்பு, கண்ணாடி அவசியம்.
* ஹோஸில் எண்ணெய் கசிந்தால் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசி மாதிரி பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படிப் பட்டால், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
* ஹோஸ் உலைக்கு எதிரே போகக் கூடாது. மணல் வாளி பக்கத்தில் இருக்கட்டும்.

கடன் வாங்கும் முன்...

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகலாமா? முதலில் தேவையைப் பாருங்கள். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையைச் சுற்றிக் கரும்பு வெட்டும் கத்தி, திண்டிவனம் பக்கம் மணிலா கொல்லைக்குக் களைக்கொத்து என்று நம் மாவட்டத்திலேயே வேலை இருக்கிறது. ஒரு சீசனுக்கு எத்தனை விற்கும் என்று குழுவாகப் போய் விசாரித்து எழுதுங்கள். மும்முனை மின் இணைப்பு, மின் கட்டணம், உலைக்கரி, மாதத் தவணை எல்லாம் கழித்த பிறகும் கையில் நின்றால் மட்டும் கடன். மெஷினுக்கு இரண்டு மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். எந்த மானியத் திட்டம் இப்போது நடப்பில் உள்ளது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள், இடைத்தரகர் வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிப் பேசுங்கள். சம்மட்டி போட்டுக் காய்த்துப்போன கை உங்கள் குழுவில் இருந்தால், அந்த அக்காவின் பேச்சை முதலில் கேளுங்கள்.