குட்டீஸ் பர்த்டே கேக்கில் மினுமினு பவுடரா? பெற்றோர்களே உஷார்!

தூத்துக்குடி:

முன்பெல்லாம் குழந்தைக்கு பிறந்தநாள் என்றால் அரை கிலோ கேக், அதன்மேல் பெயர், ஒரு மெழுகுவர்த்தி. அவ்வளவுதான். இப்போதைய வாண்டுகளோ "யானை கேக் வேணும், ரயில் கேக் வேணும்" என்று அடம் பிடிக்கின்றன. அம்மாக்களும் வீட்டிலேயே செய்து அசத்துகிறார்கள்.

இந்த கேக்கின் மேல் சட்டை போட்டதுபோல் வழவழவென்று இருப்பதுதான் 'பாண்டன்ட்' எனப்படும் சர்க்கரை மாவு.

செய்வது எப்படி?

2 டேபிள் ஸ்பூன் ஜெலட்டினை கால் கப் தண்ணீரில் ஊறவைத்து, சுடுதண்ணீர் பாத்திரத்தின் மேல் வைத்து கரைக்க வேண்டும். அரை கப் லிக்விட் குளுக்கோஸ், 1 ஸ்பூன் கிளிசரின் சேர்த்து, 1 கிலோ ஐசிங் சுகரில் ஊற்றி சப்பாத்தி மாவுபோல் பிசைந்தால் பாண்டன்ட் ரெடி. காற்று புகாமல் ஒரு ராத்திரி மூடி வைக்க வேண்டும். ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பில் இருந்து எடுப்பது. எனவே சைவ வீட்டுக்காரர்கள் ஜெலட்டின் இல்லாத பாண்டன்ட்டை கேட்டு வாங்குவது நல்லது.

கேக் நன்றாக ஆறியதும் பட்டர் கிரீம் தடவி, மாவை 4 மில்லி மீட்டர் கனத்துக்கு உருட்டி போர்த்த வேண்டும். பிரெஷ் கிரீம் வேண்டாம், அதன் ஈரத்தில் மாவு கரைந்து விடும். பிரிட்ஜில் வைத்து எடுத்தாலும் வம்புதான். கடற்கரை ஊர் காற்றில் கேக் வியர்த்து, யானை நிறம் ரயிலில் வழிந்து விடும்.

குச்சி வேண்டாம்

யானையின் தலை நிற்பதற்காக உள்ளே பல்குச்சி சொருகுவது வழக்கம். குழந்தை அப்படியே கடித்தால் ஆபத்து. அதற்கு பதில் வேகவைக்காத ஸ்பாகெட்டி குச்சியை சொருகலாம். காய்ந்த பொம்மையும், வெள்ளி உருண்டைகளும் கல்போல இருக்கும். 1, 2 வயது குழந்தை கையில் கொடுத்தால் தொண்டையில் சிக்கிக் கொள்ளும்.

பளபளப்பில் விஷம்

எல்லாவற்றையும் விட பெரிய ஆபத்து ஜிகினா பவுடரில் இருக்கிறது. 2018-ம் ஆண்டு அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட 6 குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. கேக்கில் பூசிய பவுடரில் இருந்த தாமிரம்தான் காரணம் என்று தெரியவந்தது. அடுத்த ஆண்டு மிசவுரி மாநிலத்தில் 1 வயது குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கலந்திருந்தது. அதற்கும் கேக் அலங்கார பவுடரே காரணம்.

டப்பாவில் 'நான்-டாக்சிக்' என்று போட்டிருந்தால் சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை. 'எடிபிள்' என்ற வார்த்தை, அதில் சேர்த்த பொருட்களின் பட்டியல், 14 இலக்க உணவு பாதுகாப்பு உரிம எண் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கலர் பவுடரிலும் இதே கவனம் தேவை. ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழகத்தில் கலர் பஞ்சுமிட்டாய்க்கு தடை விதிக்கப்பட்டது. ரோஸ் கலருக்கு பீட்ரூட் சாறு, மஞ்சளுக்கு மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை போதும். கலர் கொஞ்சம் மங்கலாக இருந்தால் என்ன, யானை யானைதானே!