புதுசுன்னு விற்றது பழைய வீணையா? என்ன செய்யலாம்?

இசைக் கருவி வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. பணம் கொடுப்பது பெற்றோர், வாசிப்பது பிள்ளை, குறையைக் கண்டுபிடிப்பது டீச்சர். "இது யாரோ வாசிச்ச வீணையாச்சே" என்று அவர் சொல்லும்போது, வாங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும். கடையில் கேட்டால், "பில்லைப் பாருங்க, வித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்பார்கள். அதோடு முடிந்ததா? இல்லை.

பழைய வீணையை விற்பது தவறல்ல. பழசு என்று சொல்லி விற்றால் அது நேர்மையான வியாபாரம். பழையதை, அல்லது பழுது பார்த்துப் புதுப்பித்ததை, புதிது என்று சொல்லி விற்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது.

எப்படித் தெரிந்துகொள்வது?

பாலிஷும் மெழுகும் பளபளவென்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். பழைய வீணைக்கும் மெழுகை மாற்றி மறுபடி மேளம் கட்டுவது வழக்கம்தான். மெட்டுகளின் மேல்பக்கத்தில் தந்தி பதிந்த பள்ளம் இருக்கிறதா, பிரடைகள் துளையில் உரசித் தேய்ந்திருக்கின்றனவா, பழைய ஆணித் துளைகளை அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதே சமயம், மெழுகு இளகிச் சுருதி விலகுவது புது வீணையிலும் வரும். அதை மட்டும் வைத்துப் பழசு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கீபோர்டு போன்ற கருவி என்றால் வரிசை எண்ணைச் சொல்லி, வாரண்டி எப்போது தொடங்கியது என்று தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள்.

சந்தேகம் வந்ததும் செய்ய வேண்டியவை

1. கருவியைப் பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள். அதுதான் உங்கள் முக்கிய ஆதாரம். தேய்மானம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

2. பில், பணம் செலுத்திய விவரம், "புதுசு" என்று கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, விளம்பரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

3. வீணை செய்பவர் அல்லது இசை ஆசிரியர் ஒருவரிடம் கருவியைக் காட்டி, அவர் கருத்தைக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள்.

4. கடைக்காரருக்குக் கடிதம் எழுதுங்கள். புது வீணை வேண்டுமா, பணம் திரும்ப வேண்டுமா என்பதைத் தெளிவாகச் சொல்லி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச் சண்டை வேண்டாம். அதற்குப் பதிவு எதுவும் இருக்காது.

5. பதில் இல்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். பல பிரச்சினைகள் இந்தக் கட்டத்திலேயே பேசித் தீர்க்கப்படுகின்றன.

அப்போதும் தீரவில்லை என்றால்

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். கடை வேறு ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நீங்களே வாதாடலாம். இணையவழியில் இ-ஜாக்ரிதி தளத்திலும் மனு தாக்கல் செய்யலாம். பொதுவாக 2 ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள்.

ஆணையம் பொருளை மாற்றித் தரவோ, பணத்தை வட்டியோடு திருப்பித் தரவோ, இழப்பீடு கொடுக்கவோ உத்தரவிடலாம். உத்தரவை மதிக்காத கடைக்காரருக்குச் சிறைத் தண்டனை வரை உண்டு.

வீணை வகுப்பு நடத்துபவர் பிழைப்புக்காகத் தானே பயன்படுத்த வாங்கிய கருவி என்றாலும் அவர் நுகர்வோர்தான். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்த வழி கிடையாது.

வாங்கும்போதே கவனம்

டீச்சரைக் கூட அழைத்துப் போங்கள். பில்லில் "புதிய வீணை" என்ற வார்த்தையும் விலையும் தேதியும் இருக்கட்டும். பில் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான். "பில் போட்டா விலை கூடும்" என்று சொன்னால், அந்தக் கடையை விட்டு வேறு கடை பாருங்கள். பில்லில் எழுதிய அந்த ஒரு வார்த்தை, பின்னால் பிரச்சினை வந்தால் உங்கள் பக்கம் பேசும்.